குடும்பப் பட்டியலில் ஒரு பெயர்

சுகந்தியின் கண்கள் வீங்கியிருந்தன. நாற்காலியிலிருந்து எழுந்ததும் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் அதைப் பார்த்தாள். நன்றாக அழுதிருக்கிறாள். எதற்கென்றுதான் தெரியவில்லை.

"அவசரப்படாம உக்காருங்கக்கா," என்றான் அயூப். "டீ வருது. அதுக்குள்ள மூணு கேள்வி."

"கேளு."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"திங்கள்."

"வீட்டுல கடைசியா என்ன சமைச்சீங்க?"

யோசித்தாள். கைக்கு நினைவிருந்தது. "கருவாட்டுக் குழம்பு."

"விருந்தாளிக்குக் கருவாடா? வாசனை வர்றது எதுவும் செய்யக் கூடாதுன்னு விதியில இருக்கே!" சிரித்தான். "சரி, நான் எழுதிக்கல. கடைசிக் கேள்வி. யாருக்குச் சமைச்சீங்க?"

அடுப்பு தெரிந்தது. சட்டி தெரிந்தது. சட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்திருந்த இடம் மட்டும் துடைத்த பலகை போல இருந்தது.

"தெரியல."

"சரியா இருக்கு," என்று திரையில் ஒரு கோடு போட்டான் அயூப்.

பக்கத்து நாற்காலியில் குரங்குக் குல்லா போட்ட ஒருவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். ஓய்வு பெற்றபின் சாரல்மேட்டில் வீடு வாங்கி, போன மாதம்தான் விருந்தினர் இல்லமாகப் பதிவு செய்தவர். இது அவருக்கு முதல் தடவை.

"ஏந்தம்பி, இது பொண்டாட்டி பேரையும் சேத்து அழிச்சிடாதே?"

"அந்த வசதி இருக்கான்னு நெறைய பேரு கேட்டுட்டாங்கய்யா. இன்னும் வரல."

அவர் சிரிக்கவில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சிறிய வில்லையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க," என்றான் அயூப். "விருந்தாளி உங்க வாசல்ல ரேகை வச்சதும் இந்த வில்லை முழிச்சுக்கும். அவங்க இருக்கிறப்ப நீங்க பாக்கிறது, கேக்கிறது, பேசுறது எல்லாத்துக்கும் ஒரு அடையாளம் போட்டு வைக்கும். அவங்க கிளம்பினதும் இங்க வர்றீங்க. அடையாளம் போட்டதை மட்டும் நாங்க அவுத்து விட்டுடுவோம். செஞ்ச வேலை நெனவிருக்கும். ஆளு நெனவிருக்காது."

"எதுக்கு இந்தக் கூத்து?"

அயூப் சுகந்தியைப் பார்த்தான். பதினோரு வருடமாக வருகிறவள். அவள் பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னாள்.

"முன்னாடி ஒரு வீட்டுக்காரர், தன் வீட்டுல தங்குன பொண்ணு அழுததை நாலு பேருகிட்ட கதையாச் சொன்னாரு. ஊரெல்லாம் பரவிடுச்சு. அந்தப் பொண்ணு உயிரை விட்டுட்டா. அதுக்கப்புறம் நகராட்சி இந்த விதியைக் கொண்டாந்துச்சு. இப்ப மலை பாக்க யாரும் வர்றதில்லைங்க. கீழ யாருகிட்டயும் சொல்ல முடியாததை இங்க வந்து வீட்டுக்காரங்ககிட்ட கொட்டிட்டுப் போவாங்க. நாம மறந்துடுவோம்."

"கேட்டதெல்லாம் அப்ப எங்க போகுது?"

டீ வந்தது. சுகந்தி குடித்தாள். சூடாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

விடுவிப்பு என்பது அரசாங்கப் பெயர். ஊரில் கழுவுவது என்பார்கள். "கழுவிட்டு வாரேன், அடுப்பைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வலிக்காது. ஆனால் வருடக்கணக்காகக் கழுவிக்கொள்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். எது நடந்தாலும் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பது போல இருப்பார்கள். சாவு வீட்டில் அழ மாட்டார்கள், கல்யாண வீட்டில் சிரிக்க மாட்டார்கள். பிறகு காரணமே இல்லாமல் ஒரு காலை நேரத்தில் கண் வீங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்து சுகந்தி வழக்கமான வேலைகளைத் தொடங்கினாள். வாசலில் விதிகள் எழுதியிருந்த பலகையைத் துடைத்தாள். ஒரு நேரத்தில் ஆறு பேருக்கு மேல் தங்கக் கூடாது. ஒன்பது மணிக்கு மேல் சத்தம் கூடாது. குப்பையை மூன்றாகப் பிரிக்க வேண்டும். காட்டு மாடுகளுக்குத் தீனி வைக்கக் கூடாது. குடும்பப் பட்டியலில் இல்லாத எவரும் பதிவு செய்யாமல் இரவு தங்கக் கூடாது. இந்தக் கருவாட்டுக் குழம்பைத் தவிர, இந்தப் பதினோரு வருடத்தில் அவள் ஒரு விதியையும் மீறியதில்லை. நகராட்சி கொடுத்த 'நல்ல இல்லம்' சான்றிதழ்கள் ஐந்து கூடத்தில் வரிசையாக இருந்தன.

விருந்தினர் அறைப் படுக்கையில் விரிப்பு கலையாமல் இருந்தது. நான்கு நாள் தங்கியவர் இதில் படுக்கவே இல்லை.

தன் அறைக்குப் போனாள். அவள் கட்டிலில் இரண்டு தலையணைகள் கிடந்தன.

பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். விருந்தினர் ஒருவர், நான்கு நாள், ஓர் எண். வீட்டுக்காரர்களுக்கு எண் மட்டும்தான் வரும், பெயர் வராது. சுகந்தி தலையணைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

வெளியே வேலிக்கு அந்தப் பக்கம் லாரி நின்றது. ஜெசிந்தாவின் பீரோவை நான்கு பேர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏடி சுகந்தி, கழுவிட்டு வந்துட்டியா?" ஜெசிந்தா வேலியோரம் வந்தாள். இருவருக்கும் இருபது வருடப் பழக்கம். "மூஞ்சியப் பாரு, இட்லிப் பானைக்குள்ள விட்டு எடுத்த மாதிரி."

"இன்னைக்கே கிளம்புறியா?"

"மத்தியானத்துக்குள்ள. திருப்பூருல மகன் வீட்டுல தனி ரூம் குடுத்திருக்கான். மருமக ரொம்ப நல்லவ, போய்ச் சேர்ற வரைக்கும்." சிரித்துவிட்டு நிறுத்தினாள். "உரிமத்தைக் காலையில நகராட்சியில ஒப்படைச்சிட்டேன். வில்லையையும் பிச்சுக் குடுத்தாச்சு. இனி எந்த விதியும் என்னைக் கட்டாது. அதனால ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். பக்கத்து வீட்டு விருந்தாளியைப் பத்திப் பேசுனா உரிமம் போயிரும்னு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

"என்ன?"

"நாலு நாளா உன் வீட்டுல இருந்தது உன் மக."

சுகந்தி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதிர்ச்சி வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை.

"நிறைமதியா?"

"உனக்கு வேற எத்தனை மக இருக்கா? அவளேதான். இது நாலாவது தடவைடி. ரெண்டு வருஷத்துல நாலு தடவை. வாசல்ல ரேகை வச்சு, விருந்தாளியாத்தான் உள்ள வருவா. முத தடவை நீ கதவைத் தொறந்தப்ப நான் இங்கிட்டு நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். பொண்ணு முகத்தைப் பாத்து நீ கேட்ட மொத வார்த்தை என்ன தெரியுமா? 'பதிவு பண்ணியிருக்கியா?'"

"குடும்பப் பட்டியல்ல அவ பேரு இல்லையே," என்றாள் சுகந்தி.

"அடிப் பாவி. இப்பவும் அதையேதான் சொல்ற."

"என்ன பேசுனோம்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? வந்த மறுநாள் ரெண்டு பேரும் அழுவீங்க. உன் வீட்டுக்காரர் பேரு காதுல விழும். அதுக்கு மேல நான் கேக்கல, யேசு மேல சத்தியம். நேத்து அவ பஸ் ஏறப் போறப்ப நீ அவ கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. இன்னைக்கு அந்தக் கையோட போய்க் கழுவிட்டு வந்திருக்க."

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். ஜெசிந்தா கம்பிக்கு மேலாகக் கையை நீட்டிச் சுகந்தியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கணவர் சந்தானம் இறந்து மூன்று வருடம் ஆகிறது. கீழே தேனியில் ஒரு மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் கிடந்தார். நிறைமதி கோயம்புத்தூரிலிருந்து வந்து கூடவே இருந்தாள். சுகந்தி இங்கே விருந்தினர்களோடு இருந்தாள். அந்தப் புதன்கிழமை மாலை அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நாளைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. காரியம் முடிந்து கிளம்பிய மகளும் பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்பதோடு சரி. சாகும்போது அவர் என்ன சொன்னார் என்று கேட்கச் சுகந்திக்கு வாய் வரவில்லை. அது மகளுக்குத் தெரியும், தனக்குத் தெரியாது என்பது மட்டும் மூன்று வருடமாக நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. ஜெசிந்தா சொல்வதைப் பார்த்தால், அதை நான்கு முறை காதால் கேட்டு மறந்திருக்கிறாள்.

அன்று மாலையே நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

"மக பேரைக் குடும்பப் பட்டியல்ல சேக்கணும்."

எழுத்தர் திரையைப் பார்த்தார். "ஏற்கெனவே இருந்திருக்கேம்மா. எட்டு வருஷம் முன்னாடி எடுத்திருக்காங்க. சந்தானம்னு கையெழுத்து."

"கல்யாணம் ஆன மறுமாசம் எடுத்தாரு. மாப்பிள்ளை வீட்டு ரேஷன் கார்டுல சேக்கணும்னா இங்க எடுத்தாத்தான் ஆகும்னு சொன்னாங்க."

"எல்லா வீட்டுலயும் அதான் பண்ணுவாங்க. கார்டுல பேரு எடுத்தா இந்தப் பட்டியல்லயும் தானா போயிரும். அப்புறம் பொண்ணு தாய் வீட்டுக்கு வந்து ராத்திரி தங்கினா விருந்தாளிக் கணக்குதான். சேத்துட்டீங்கன்னா அவங்க எப்ப வேணா வரலாம், வில்லை வேலை செய்யாது. அவங்க ஒத்துக்கணும், அவ்வளவுதான். கூப்பிடுங்க."

நிறைமதி உடனே எடுத்தாள்.

"அம்மா? என்னம்மா, இந்த நேரத்துல?"

"ஜெசிந்தா சொல்லிட்டா."

அந்தப் பக்கம் நிறைமதி ஏதோ ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"நீ இனிமே பதிவு பண்ணிக்கிட்டு வர வேண்டாம்," என்றாள் சுகந்தி. "உன் பேரைப் பட்டியல்ல சேக்கிறேன். சரின்னு சொல்லு."

"வேணாம்மா. இப்படியே இருக்கட்டும்."

"பெத்த வீட்டுக்கு வர நம்பர் வாங்கிட்டு வருவியா? அந்த வாசல்ல நீ ரேகை வைக்கிறதை ஊரு பாத்திருக்கு. நான் மட்டும்தான் பாக்கல. சரின்னு சொல்லு மதி."

அவள் சரி என்றாள். அழுகிற குரல் இல்லை. ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவள் குரலாக இருந்தது.

அடுத்த வாரம் நிறைமதி வந்தாள். பட்டியலில் பெயர் இருந்ததால் ரேகை கேட்கவில்லை, கதவு தானே திறந்தது. சுகந்தி காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள். வில்லை குளிர்ந்துதான் இருந்தது. மகள் மெலிந்திருந்தாள். முன்நெற்றியில் நரை. போன வாரம் நான்கு நாள் இதே முகத்தைப் பார்த்திருக்கிறாள், ஆனாலும் இந்த நரை அவளுக்குப் புதிதாக இருந்தது.

மூன்று நாள் இருந்தாள். நிறையப் பேசினாள். கணவன் அசோக்குக்கு வேலை மாறியது, மாமியாருக்கு முட்டி மாற்றியது, எதிர்வீட்டு நாய் அசோக்கை மட்டும் பார்த்துக் குரைப்பது எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா என்ற சொல் வரவே இல்லை.

மூன்றாம் நாள் காலை சுகந்தி நேராகவே கேட்டாள். "நாலு தடவை வந்து என்ன சொன்ன?"

நிறைமதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அப்பாவோட கடைசி நாளைப் பத்தி."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒவ்வொரு தடவையும் ஒண்ணு. மொதத் தடவை அடிச்ச. அடுத்த ரெண்டு தடவை மன்னிச்சிட்டேன்னு சொன்ன. போன வாரம் ஒண்ணுமே சொல்லல. அழுத. என் பக்கத்துல படுத்துக்கிட்ட. அவ்வளவுதான்."

"எதுக்கு அடிச்சேன்? எதை மன்னிச்சேன்?"

"அதை இப்ப சொல்ல முடியாதும்மா."

"ஏன்?"

"இப்ப சொன்னா நீ மறக்க மாட்ட."

துணிகளைப் பையில் வைத்து மூடினாள். பிறகு தலை நிமிராமலே பேசினாள். "சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வராது. சொல்லிட்டா நீ காலம் முழுக்க என்னை அந்தக் கண்ணோட பாப்ப. மொதத் தடவை பாத்தியே, அந்தக் கண்ணு. உன் வீடு ஒண்ணுலதான் ரெண்டும் இல்லாம சொல்ல முடிஞ்சது. சொல்லிட்டுப் போனா ஆறு மாசம் தூங்குவேன். அப்புறம் மறுபடி வருவேன். தப்புதான், தெரியும். உன் கண்ணு வீங்குறதும் தெரியும்."

மகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டுச் சுகந்தி மெதுவாக வீட்டுக்கு நடந்தாள். மகள் கிடைத்துவிட்டாள். அவள் தூக்கம் போய்விட்டது. இப்போது வீட்டுக்குள் எந்த நேரமும் வரலாம், ஆனால் வந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போவாள். விருந்தாளியாக வந்தபோது எல்லாவற்றையும் சொன்னவள், மகளாக வந்து ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் பொறுத்திருந்தாள். பிறகு மறுபடியும் அலுவலகத்துக்குப் போனாள்.

"எடுத்துடுங்க."

எழுத்தர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "போன மாசம்தானேம்மா சேத்தீங்க?"

"எடுத்துடுங்க."

வெளியே வந்து மகளைக் கூப்பிட்டாள். "உன் பேரை எடுத்துட்டேன் மதி. பதிவு பண்ணிட்டு வா."

"அம்மா, நான் அதுக்காகச் சொல்லல..."

"தூங்கணும்ல நீ. வா."

நிறைமதி வாசலில் ரேகை வைத்தபோது சுகந்தியின் காதுக்குப் பின்னால் வில்லை இளஞ்சூடாயிற்று. இனி நடப்பது எதுவும் தன்னுடையது இல்லை என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் அதை விரும்பியே ஒரு விருந்தாளிக்காகக் காத்திருந்தது இதுதான் முதல் தடவை.

மறுநாள் பிற்பகல். மழை விட்டிருந்தது. சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து இருவரும் டபுள் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"புதன்கிழமை காலையில எட்டு மணிக்கு டாக்டர் சொல்லிட்டார்," என்று தொடங்கினாள் நிறைமதி. ஐந்தாவது தடவையாகச் சொல்வதால் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "வர வேண்டியவங்களை உடனே வரச் சொல்லுங்கன்னாரு. நான் உன்னைக் கூப்பிடல."

சுகந்தி நிமிர்ந்தாள்.

"திங்கக்கிழமை நான் கூப்பிட்டப்ப நீ என்ன சொன்ன? விருந்தாளி இருக்காங்க, வியாழக்கிழமை கழுவிட்டு வர்றேன்னு சொன்ன. எனக்கு அவ்வளவு கோவம். புருஷன் சாகக் கெடக்காரு, இவளுக்கு விருந்தாளி பெருசாப் போச்சா, இருக்கட்டும், அவங்களோடயே இருக்கட்டும்னு. அப்பா மூணு தடவை கேட்டாரும்மா. அம்மா வந்துட்டாளான்னு. பஸ்ல வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன். மூணு தடவையும் பொய். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். ஆறு மணிக்கு அவரு போயிட்டாரு. காலையிலயே கூப்பிட்டிருந்தா நீ பதினொரு மணிக்கு வந்திருப்ப. அவரைப் பாத்திருப்ப. அதை நான் இல்லாமப் பண்ணிட்டேன்."

சொல்லி முடித்துவிட்டு ஒரு பீன்ஸை எடுத்து உரித்தாள். விதை உருண்டு ஓடியது. எதற்கோ காத்திருப்பவள் போல இருந்தாள். அடியோ, மன்னிப்போ, அழுகையோ, எது வந்தாலும் வாங்கிக்கொள்கிறவள் மாதிரி.

சுகந்தி உருண்டு ஓடிய விதையை எடுத்துப் பாத்திரத்தில் போட்டாள். கீழ்நாட்டுக்காரர்கள் இத்தனை பேர் ஏன் தன்னிடம் வந்து பேசினார்கள் என்று இப்போது தெரிந்தது. நாளைக்கு இந்தச் சமையலறை இருக்கும், இந்தப் பீன்ஸ் குழம்பாகியிருக்கும், சொன்ன சொல் மட்டும் இருக்காது.

"விருந்தாளி யாரும் இல்ல மதி," என்றாள்.

"என்ன?"

"அந்தப் புதன்கிழமை வீட்டுல யாருமே இல்ல. செவ்வாய்க்கிழமை காலையிலயே அவங்க கிளம்பிட்டாங்க. பத்து மணிக்கெல்லாம் நான் கழுவிட்டு வந்துட்டேன். பையும் எடுத்து வச்சாச்சு. மத்தியான பஸ்ஸுக்குப் போனேன். பஸ் வந்துச்சு. ஏறல. திரும்பி வந்துட்டேன். புதன்கிழமை காலையிலயும் போனேன். அப்பவும் ஏறல."

நிறைமதி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"அவரை அப்படிப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. குழாயும் கிழாயுமா. இங்க வந்து அழற அத்தனை பேரு கதையையும் கேட்டவ நான். எதுவும் என்கிட்டத் தங்குனதில்ல. அது தங்கிடும்னு பயந்தேன். அதுக்குக் கழுவ நாற்காலி கெடையாதுல்ல? காலி வீட்டுல ரெண்டு நாள் உக்காந்திருந்தேன். நீ காலையில எட்டு மணிக்குக் கூப்பிட்டிருந்தாலும் ஒரு காரணம் சொல்லியிருப்பேன். நாலு மணிக்குக் கூப்பிட்டப்ப உன் குரல்லயே தெரிஞ்சிடுச்சு, நான் வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சிடும்னு. அதுக்கப்புறம்தான் பஸ் ஏறினேன்."

"காலையில கூப்பிட்டிருந்தாலும்..."

"வந்திருக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வெளியே ஓட்டிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டது. நிறைமதி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று சுகந்தியால் சொல்ல முடியவில்லை. நெடுநேரம் கழித்துக் கையை எடுத்தபோது முகம் சிவந்து, களைத்து, சின்ன வயதில் காய்ச்சல் விட்ட மறுநாள் இருந்ததைப் போல இருந்தது.

"நாலு தடவை வந்தேனே. அப்பல்லாம் ஏம்மா சொல்லல?"

"அந்த நாலு தடவையும் இங்க இருந்த சுகந்தி யாருன்னே எனக்குத் தெரியாதே."

"இதை நான் வச்சுக்கிட்டு என்ன பண்ணட்டும்?"

"அது உன் இஷ்டம். எனக்குத் திங்கக்கிழமை இது இருக்காது. நான் சொன்னேங்கிறதும் இருக்காது. நீ என்கிட்ட வந்து எதையும் சொல்லிக் காட்டாத. எனக்குத் தாங்காது."

நிறைமதி எழுந்து வந்து பீன்ஸ் தோல்களுக்கு நடுவே அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்தாள். படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கால் மரத்துப்போகும் வரை சுகந்தி அசையவில்லை. மரத்த பிறகும் அசையவில்லை.

"இன்னைக்கு என்ன கிழமைக்கா?"

"திங்கள்."

"கடைசியா என்ன சமைச்சீங்க?"

"டபுள் பீன்ஸ் குழம்பு."

"யாருக்கு?"

"என் மகளுக்கு," என்றாள் சுகந்தி.

அயூப் திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தான்.

"பயப்படாத. அவ வரப்போறான்னு முன்னாடியே தெரியும், அதான் சொன்னேன். வந்து என்ன பேசுனான்னு கேளு, தெரியாது."

"தெரியாதுல்ல?"

"தெரியாது."

அவன் கோடு போட்டான்.

மூன்று வாரம் கழித்து நிறைமதி கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. என்ன மாற்றம் என்று சுகந்தியால் பிடிக்க முடியவில்லை.

"அம்மா, என் பேரை மறுபடி பட்டியல்ல சேத்துடுறியா?"

"நீதானே வேணாம்னு சொன்ன?"

"இப்ப வேணும்."

எழுத்தர் திரையைத் திறக்கும்போதே சிரித்தார். "ஏம்மா, இது பேரா, இல்ல பல்பா? போட்டுப் போட்டு அணைக்கிறீங்க?"

"இனிமே அணைக்க மாட்டேன் சார்," என்றாள் சுகந்தி. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை நிறைமதி வந்தாள். மதியம் தட்டில் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றிப் பிசைந்தபடி, எதிர்வீட்டு நாயைப் பற்றிச் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"அப்பா கடைசி நாள் மூணு தடவை உன்னைக் கேட்டாரும்மா. அம்மா வந்துட்டாளான்னு. டாக்டர் காலையிலயே வரச் சொல்லிட்டாரு. உன் மேல இருந்த கோவத்துல நான் சாயங்காலம்தான் உன்னைக் கூப்பிட்டேன். இது உனக்குத் தெரியணும்."

சுகந்தி கரண்டியோடு நின்றாள். வில்லை குளிர்ந்து கிடந்தது. இது போகாது. மூன்று வருடமாகத் தேடியது இதுதான். கோபம் வருகிறதா என்று தனக்குள் பார்த்தாள். வந்தது கோபம் இல்லை, செவ்வாய்க்கிழமை மத்தியானப் பேருந்து. கதவு திறந்து, நடத்துநர் "ஏறுறீங்களாம்மா?" என்று கேட்டு, பிறகு அவளை விட்டுவிட்டுக் கிளம்பிப் போன பேருந்து.

இந்தப் பெண் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பேருந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்குச் சுமை இறங்கிவிடும். ஆனால் சொன்னால், இப்போதுதான் திரும்பி வந்திருக்கிற மகள் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாள். இது மட்டும் இவளுக்குத் தெரியவே கூடாது என்று சுகந்தி நினைத்துக்கொண்டாள்.

"சரி விடு," என்றாள். "நடந்தது நடந்துபோச்சு."

நிறைமதி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

பிறகு தட்டை நீட்டி, "இன்னும் ஒரு கரண்டி ஊத்தும்மா," என்றாள்.